அடுத்த வருஷத்துப் புதன்கிழமை

காலண்டர் கம்பெனியில் புரூப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. அடுத்த வருஷம் அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது, திருக்கார்த்திகை எந்தக் கிழமை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டால் திருதிருவென்று முழிப்போம். சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் என் வாழ்க்கையின் பெரும்பகுதியை அப்படி முழித்தே கழித்திருக்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இப்போதுதான் அன்றன்றைய தேதி அன்றன்றைக்கே எனக்குத் தெரிகிறது.

போன மாதம் செல்வி வந்திருந்தாள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்கிறாள். கைக்குழந்தைக்காரி. பஞ்சாங்கக் கணக்கை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே சரிபார்த்துவிடுகிறது, ஆனாலும் சீசனில் பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூட நேரத்துக்கு வீட்டுக்கு வர முடியவில்லை என்று அழாத குறையாகச் சொன்னாள்.

“நீங்க எப்படிக்கா ரெண்டையும் பாத்தீக? பிள்ளைய நர்சாக்கிட்டீக. வேலையிலயும் ஒருத்தர்கிட்ட ஒரு சொல்லு வாங்கல. அந்த ரகசியத்தச் சொல்லுங்க.”

“எல்லாம் கர்த்தர் பாத்துக்கிட்டாரு” என்று சொல்லி, காப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகு மனசு கேட்கவில்லை. கர்த்தர் பார்த்துக்கொண்டது உண்மைதான். ஆனால் யாரை வைத்துப் பார்த்துக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நன்றி கெட்ட பேச்சாகிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். செல்வி படித்துவிட்டு மற்றப் பெண்களுக்கும் கொடுக்கட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. திருத்தங்கலில் பிளஸ் டூ முடித்தேன். சண்டே ஸ்கூலில் வேத வசனம் வாசித்து வாசித்து உச்சரிப்பு சுத்தமாக இருந்தது. அதைக் கேள்விப்பட்டுக் கம்பெனியில் காப்பி படிக்க எடுத்துக்கொண்டார்கள். காப்பி என்றால் ஜோதிடர் கையால் எழுதிக் கொடுக்கும் மூலத் தாள். அதை ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர் அச்சுக்குப் போகவேண்டிய புரூபை அதோடு ஒத்துப் பார்ப்பார். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிற எனக்கு, சேர்ந்த ஒரே வருஷத்தில் ராகு காலமும் சந்திராஷ்டமமும் மனப்பாடமாகிவிட்டன. எங்கள் தெருவில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஐயரிடம் போவதற்கு முன்னால் என்னிடம்தான் வருவார்கள். “வார தையில முகூர்த்தம் எப்பெப்ப இருக்கு, எஸ்தரு?” என்று கேட்டுப் போவார்கள். எங்கள் போதகருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

புரூப் பிரிவுக்குத் தலைவர் வேலுச்சாமி சார். ஒல்லியான மனிதர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கையில் எப்போதும் ஒரு பித்தளை அளவுகோல் இருக்கும். அதைப் புரூபின் மேல் வைத்து, நான் ஒரு வரி படித்து முடித்ததும் “ம்” என்பார். “ம்” வந்தால்தான் அடுத்த வரிக்குப் போகலாம். வராவிட்டால் எங்கோ இடிக்கிறது என்று அர்த்தம். நிறுத்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க ஒரு ஆம்பளையின் “ம்”மை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது பிற்பாடு கல்யாண வாழ்க்கைக்கு நல்ல பயிற்சியாக இருந்தது. என் வீட்டுக்காரரும் அதற்கு மேல் அதிகம் பேசுகிறவர் இல்லை.

சாரிடம் சில கட்டுப்பாடுகள் இருந்தன. தனியாக யாரும் புரூப் பார்க்கக் கூடாது. டியூப் லைட் போட்ட பிறகு படிக்கக் கூடாது. புரூப் தாள் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, காப்பியில் ஓரத்தை முதலில் படிக்க வேண்டும். எங்கள் ஜோதிடர் பெரிய கெட்டிக்காரர், ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். ஒரு விஷயத்தை மாற்ற நினைத்தால் முதலில் எழுதியதை அடிக்க மாட்டார். எழுதியதை அடித்தால் குற்றம் என்று நினைத்தாரோ என்னவோ. அதை அப்படியே விட்டுவிட்டு, தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் திருத்தத்தை எழுதிவைப்பார். பழகாதவர்கள் நடுவில் இருப்பதைப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குப் பழகிப் பழகி, ஒரு தாளைக் கையில் வாங்கினாலே கண் ஓரத்துக்குத்தான் போகும். இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை வந்தால் ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இன்னொரு வழக்கம் உண்டு. அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் கிடையாது. காலையில் எல்லாரும் உட்கார்ந்ததும் சார் யாராவது ஒருவரைப் பார்த்து, “இன்னைக்கு?” என்பார். கிழமை, தேதி, அன்றைக்கு வீட்டில் என்ன என்று மூன்றையும் அவர் சொல்ல வேண்டும். “வெள்ளி, நாலாந்தேதி, அத்தைக்குக் கண்ணாஸ்பத்திரி” என்கிற மாதிரி. வீட்டில் ஒன்றும் விசேஷம் இல்லாவிட்டால் “கத்திரிக்காக் கொழம்பு” என்றாவது சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அளவுகோலைக் கையில் எடுப்பார். எதற்கு சார் இது என்று ஒருமுறை கேட்டேன்.

“அடுத்த வருசத்துக்குள்ள இறங்கப் போறோம்லா. இந்த வருசத்துல கால ஊனிக்கிட்டுல்ல இறங்கணும்” என்றார்.

அன்றைக்கும் நான் சிரித்துக்கொண்டேன். என் முறை வராத நாட்களில் மற்றவர்கள் சொல்வதைக் காதில் வாங்கியதே இல்லை. தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

முதலாளியை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் சீசன் வந்துவிட்டால் வேறு ஆள். ஆடிப் பெருக்குக்கு மாதிரி ஆல்பம் போட்டு ஏஜெண்டுகளுக்கு அனுப்பியதும் ஆர்டர் வந்து குவியும். அதற்குப் பிறகு சாரின் டியூப் லைட் கட்டுப்பாடு நிற்காது. பொழுது அடைகிற நேரத்தில் அண்ணாச்சியே அறைக்குள் வந்து சுவிட்சைப் போடுவார்.

“கண்ணு களைச்சாச் சரியா வராது, அண்ணாச்சி” என்பார் சார்.

“சீசன் முடியட்டும் சார். தையில எல்லாரும் நல்லாத் தூங்குங்க.”

சார் அளவுகோலை வைத்துவிட்டு வெளியே போய், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்வார். நாங்களும் படிப்போம்.

நான் சொல்லப்போகிற சம்பவம் இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம் நடந்தது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வெம்பக்கோட்டை, அச்சங்குளம் பக்கத்துக் குடோன்களிலிருந்து பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவார். தீபாவளிக்கு முந்திய மாதங்கள் அவருக்கும் சீசன், எனக்கும் சீசன். அவர் நாக்பூர் தாண்டி எங்கோ இருப்பார். வீட்டில் நானும் என் மகள் கிரேசும் மட்டும்தான். அவள் அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

வீடு, வேலை இரண்டையும் இழுத்துப் பிடிக்க நான் அப்போது ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். சாருக்குத் தெரியாமல் புரூப் தாள்களின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பங்கரைச் சுவரில் வரிசையாகக் குத்திவைத்திருந்தேன். உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு வாரத்துத் தாள்கள், குழம்பு கூடுகிற நேரத்தில் இன்னொரு வாரத்துத் தாள்கள் என்று கண்ணை ஓட்டுவேன். ஒரு நொடிகூட வீணாக்காமல் நடத்துகிறேன் என்று உள்ளூர ஒரே பெருமை. பக்கத்து வீட்டுக்காரியிடம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதும் உண்டு. அந்தச் சமயம் சுவரில் இருந்தது அடுத்த வருஷத்து ஆகஸ்ட். நடப்பு வருஷத்துக் காலண்டரும் முன்னறையில் தொங்கத்தான் செய்தது. ஜூன் மாதத்துக்குப் பிறகு அதில் தாள் கிழிக்க எங்கள் இரண்டு பேருக்கும் நேரமில்லை. காலண்டர் கம்பெனிக்காரி வீட்டு லட்சணம் அது.

கிரேசுக்கு நர்சிங் படிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை கிடையாது. மார்க் சுமாருக்குக் கொஞ்சம் மேலே. தனியாரில் சேர்க்க எங்களுக்கு வழியில்லை. அரசாங்க இடம் கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் அவளும் எங்கள் தெருப் பெண்களோடு பட்டாசுக் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதில்தான் ஊரே சாப்பிடுகிறது. ஆனால் அவள் ஆசை அது இல்லை. மதுரையில் கலந்தாய்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆகஸ்ட் பதினெட்டு, காலையில் ஆஜராக வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கிரேஸ் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்தாள்.

“பதினெட்டு புதன்கெழமம்மா.”

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆமா, புதன்” என்றேன். சுவரில் இருந்ததும் அதுதான், என் மண்டைக்குள் இருந்ததும் அதுதான். இரண்டும் அடுத்த வருஷத்துப் புதன்.

சாரிடம் புதன்கிழமை லீவு என்று சொல்லி வைத்தேன். தேதியைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஜோதிடருக்கு உடம்பு சரியில்லாமல் அந்த வருஷம் காப்பி தவணை தவணையாகத்தான் வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமைதான் செப்டம்பர் மாதத்துக் காப்பி வந்து சேர்ந்தது. அதை அவசரமாக அச்சுக்கோத்து, ஒரே தடவையில் மெஷினில் ஏற்றுகிற ஃபாரமாக்கி, செவ்வாய்க்கிழமை காலையில் அதன் புரூபை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். மெஷின் காலியாக நின்றது. அண்ணாச்சியே அறை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

அத்தனை அவசரத்திலும் சார் தன் வழக்கத்தை விடவில்லை. அன்றைக்கு என் பக்கம் திரும்பினார்.

“எஸ்தரம்மா, இன்னைக்கு?”

“செவ்வாய், பதினேழு. நாளைக்குக் கிரேசுக்கு மதுரையில கலந்தாய்வு சார்” என்று சொல்லிக்கொண்டே காப்பியை எடுத்து முதல் தாளைப் பிரித்தேன்.

“ம்” வரவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அளவுகோல் மேசையிலேயே கிடந்தது.

“செவ்வாய் சரி. தேதி பதினெட்டு” என்றார் சார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் தப்பாகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். அவர் கேட்டார்: “லெட்டர்ல என்ன போட்டிருக்கு? தேதியா, கெழமையா?”

“தேதிதான் சார். பதினெட்டு.”

“அப்ப இன்னைக்குத்தான்.”

கையிலிருந்த தாள் நழுவிக் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. கிரேஸ் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். நாளைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சுடிதாரும் அதில் நனைந்துகொண்டிருக்கும். பஸ் பிடித்து மதுரை போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிடும். நான் இவ்வளவையும் வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள் நினைத்தேனா என்று இப்போது ஞாபகமில்லை. ஒன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வாசலில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்து, “ஃபாரத்த முடிச்சுக் குடுத்துட்டு…” என்று ஆரம்பித்தேன். அவ்வளவு பழக்கதோஷம்.

“என்னத்த முடிச்சுக் குடுத்துட்டு? கெளம்புங்க” என்றார் சார். அவரிடமிருந்து அவ்வளவு கடுமையாக ஒரு வார்த்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

“மெஷின் நிக்கிதே சார்” என்றார் அண்ணாச்சி. “யாரு படிப்பா? மத்த பிள்ளைக எல்லாம் புதுசு. ஜோசியர் கையெழுத்து அதுகளுக்கு ஓடாதே.”

“இங்கன அது மூணு பேருக்குத்தான் ஓடும். எனக்கு, எஸ்தரம்மாவுக்கு, அவருகிட்ட இத்தன வருசமா கடுதாசி வாங்குற உங்களுக்கு. நான் புரூப் பாக்கணும். எஸ்தரம்மா மதுரைக்குப் போகணும். நீங்க உக்காருங்க அண்ணாச்சி.”

ஒரு தொழிலாளி முதலாளியைப் பார்த்து அப்படிச் சொல்லிக் கேட்டது எல்லாருக்கும் அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் நாற்காலியைப் பார்த்தார்.

“நர்சு படிப்பாம்மா?”

“ஆமா அண்ணாச்சி.”

அவர் வெளியே எட்டிப் பார்த்துத் தன் கார் டிரைவரைக் கூப்பிட்டார். “ஏலே, இவுகள வீட்டுல கொண்டுபோயி, பிள்ளையையும் ஏத்திக்கிட்டு நேரா மதுரைக்கு விடு. வெரசாப் போ, பாத்துப் போ.” அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார். கீழே கிடந்த தாளைக் குனிந்து அவரே எடுத்தார். நான் வாசல் தாண்டும்போது முதல் வரியைப் படிக்கிற சத்தமும், அதற்குப் பின்னால் சாரின் “ம்”மும் கேட்டன.

கிரேஸ் ஈரத் தலையோடுதான் காரில் ஏறினாள். சுடிதார் நனைந்துவிட்டதால் பழைய பாவாடை தாவணி. சர்டிபிகேட் பையை மட்டும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கல்லுப்பட்டி வரை எனக்கு அடுப்பங்கரைச் சுவரின் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திருமங்கலத்தில் ரயில்வே கேட் அடைத்திருந்தபோது டிரைவர் பின்னால் திரும்பி, “பயப்படாதீக, சேத்துப்புடுவேன்” என்றார். கிரேஸ் அப்போதுதான் சிரித்தாள்.

மண்டபத்துக்குள் நுழையும்போது பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிரேசின் முறை தாண்டவில்லை. உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று எனக்கு இன்றைக்கும் நினைப்பு வரும். கிரேஸ் வெளியே வந்து, “கெடச்சிருச்சும்மா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். டிரைவர் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மறுநாள் கம்பெனிக்குப் போனால் ஒரே கும்மாளம். அண்ணாச்சி காப்பி படித்ததைப் பெண்கள் மாறி மாறி நடித்துக் காட்டினார்கள். பாதியில் தொண்டை கட்டிக்கொண்டதாம். நாங்கள் வைத்திருக்கும் கற்கண்டு மிளகு டப்பாவைக் கேட்டு வாங்கி வாயில் போட்டுக்கொண்டாராம். சார் “ம்” சொல்லாமல் நிறுத்தியபோதெல்லாம், “என்ன சார், என்ன தப்பு?” என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி பதறினாராம். பைண்டிங் பிரிவில் தாள் அடுக்கி ஒட்டுகிற பேச்சியம்மா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்த் தன் ஆட்களிடம், “மொதலாளிக்கு வேல கெடச்சிருச்சு” என்று சொன்னாளாம். மத்தியானத்துக்கு முன்னாலேயே ஃபாரம் மெஷினுக்குப் போய்விட்டது என்றார்கள். என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

அன்று மாலை பொழுது அடைகிற நேரத்தில் அண்ணாச்சி வழக்கம்போல வந்து டியூப் லைட்டைப் போட்டார். பிறகு தானே அணைத்தார்.

“போதும், வீட்டுக்குப் போங்க. ஒரு காலையில படிச்ச எனக்கே இன்னும் கண்ணு எரியிது” என்றார். அதற்குப் பிறகு எந்தச் சீசனிலும் புரூப் அறையில் விளக்குப் போட்டுப் படித்ததில்லை. கூடுதலாக இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தார். செல்வியின் அம்மா அப்போது வந்தவள்தான்.

அடுப்பங்கரைச் சுவரில் இருந்த தாள்களை உருவி, சுருட்டிக் கொண்டுபோய்ச் சார் மேசையில் வைத்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ம்” என்றார்.

வீட்டில் அன்று முதல் ஒரு வழக்கம் வந்தது. காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் காலண்டரில் தாள் கிழிக்க வேண்டும். கிழித்தவரைப் பார்த்து மற்றவர் “இன்னைக்கு?” என்பார். கிழமை, தேதி, வீட்டில் என்ன என்று பதில் வரும். என் வீட்டுக்காரருக்கும் இதைச் சொல்லிவைத்தேன். எங்கோ வடக்கே பூத்திலிருந்து போன் பண்ணுவார். எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் கேட்கத் தெரியாத மனிதர். “இன்னைக்கு?” என்பார். நான் மூன்றையும் சொல்வேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் ஒழுங்காகப் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

செல்வி, நீ கேட்ட ரகசியத்தில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சோறு வடிக்கிறபோது புரூப் பார்க்காதே. புரூப் பார்க்கிறபோது சோற்றை நினைக்காதே. வீட்டில் ஆள் வேண்டிய நாள் வந்தால், அன்றைக்கு என்ன ஃபாரம் நிற்கிறது என்று பார்க்காமல் லீவு கேள். நான் கேட்டேன். என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தபோது கேட்டேன். கிரேசின் பிரசவத்துக்குக் கேட்டேன். என் அம்மா படுக்கையில் விழுந்தது ஒரு புரட்டாசியில், சீசன் உச்சத்தில். அப்போதும் கேட்டேன். கடைசிவரை அம்மாவின் பக்கத்திலேயே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அன்றைக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை நான் இல்லாமலே ஒரு ஃபாரம் ஒழுங்காகப் போகவில்லையா, இப்போதும் போகும் என்று.

நான் ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் டீயும் மிக்சரும் வைத்து, சால்வை போட்டார்கள். அண்ணாச்சிக்கு வயசாகிவிட்டது, அன்றைக்கு உடம்பு முடியாமல் வரவில்லை. அவர் மகன்தான் வந்து நாலு வார்த்தை பேசினார். எல்லாம் முடிந்து பெண்கள் கதை பேசிக்கொண்டிருந்தபோது, பேச்சு அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் போனது. பேச்சியம்மா வாயில் வெற்றிலையோடு சொன்னாள்.

“அந்த வருசம் அந்த ரெண்டு தாள வச்சு என்ன பாடுபட்டோம். ஞாயித்துக்கெழம அம்புட்டுப் பேரும் வந்து, பண்டல் பண்டலாப் பிரிச்சு, தாளக் கிழிச்சு, புதுத் தாள ஒட்டி… அண்ணாச்சியும் தரையில உக்காந்து பசை தடவுனாருல்ல.”

“எந்த ரெண்டு தாளு?” என்றேன்.

பேச்சியம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். அப்புறம், “இனிமே என்ன, அதான் ரிட்டையர் ஆயிட்டீகளே” என்று முழுக் கதையையும் சொன்னாள்.

ஆவணி முகூர்த்தம் ஒன்றை ஜோதிடர் வியாழக்கிழமைத் தாளில் எழுதிவிட்டு, பிறகு ஓரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார். அச்சுக்கோத்தவர் ஓரத்தைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியும் நடுவில் இருந்ததை மட்டும் படித்திருக்கிறார். புரூபும் காப்பியும் ஒத்துப்போனதால் சாரும் “ம்” சொல்லியிருக்கிறார். காலண்டர் கட்டி, பண்டல் போட்டு, லாரிக்குக் காத்திருந்தபோதுதான் சார் எதற்கோ ஒரு பிரதியைப் புரட்டிக் கண்டுபிடித்திருக்கிறார். அந்த முகூர்த்தத்தை நம்பி எத்தனை வீட்டில் கல்யாணம் வைப்பார்கள். பிழை என்னுடையது என்று சார் சொல்ல, இல்லை, படித்தது நான்தான் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். நான் ஆலயத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அவ்வளவு பேரும் உட்கார்ந்து அந்த இரண்டு தாள்களை மாற்றியிருக்கிறார்கள்.

“ஒங்ககிட்ட மட்டும் மூச்சு விடக் கூடாதுன்னு சார் எங்க அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிப்புட்டாரு” என்றாள் பேச்சியம்மா. அத்தனை பெண்கள், அத்தனை வருஷம். ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை.

சார் எனக்கு வெகு காலம் முன்பே ஓய்வு பெற்று, விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். அடுத்த நாளே பஸ் ஏறிப் போனேன். காது கொஞ்சம் மந்தம். என்னைப் பார்த்ததும், “வாங்க எஸ்தரம்மா. இன்னைக்கு?” என்றார். கிழமையையும் தேதியையும் சொல்லிவிட்டு, மூன்றாவதாக, “இன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்திருக்கேன் சார்” என்றேன்.

அந்த இரண்டு தாள்களைப் பற்றிச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. பேச்சியம்மாவின் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

“நான் இருந்திருந்தா ஓரத்தப் பாத்திருப்பேன் சார். அம்புட்டுப் பேருக்கும் அம்புட்டுக் கஷ்டம். ஏன் சார் எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா, அடுத்த தடவ நீங்க லீவு கேட்டிருக்க மாட்டீக” என்றார்.

அந்தப் புரட்டாசியில் அம்மாவின் கை என் கைக்குள் இருந்தது நினைவுக்கு வந்தது. கடைசியாக ஒரு தடவை அம்மா கண் திறந்தபோது எதிரே நான் இருந்தேன். சார் சொன்னது உண்மைதான். தெரிந்திருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். அந்த நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு மாதத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருப்பேன்.

சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் “ம்” என்றேன்.